திலகாவின் பங்கு அரிசி

அக்டோபர் 26, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கொடி முழுக்க நாலு பேர் துணி, எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

டப்பாக்களின் நிலவரம்:
துவரம்பருப்பு: ஒரு கைப்பிடி.
புளி: ஒரு உருண்டை, விதையோடு.
எண்ணெய்: பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வடியும் வரை வடியட்டும்.
தீபாவளி அதிரசம்: ஐந்து. அபியின் பல்லைப் பதம் பார்த்தது.
அரிசி: இரண்டு நாளைக்கு.

அரிசிதான் ஆச்சரியம். இந்த வீட்டில் அரிசி தீர்ந்ததே இல்லை. நான், அபிராமி, நஸ்ரின் மூன்று பேரும் மளிகைக்குப் பணம் போடுவோம். திலகா பணம் போட மாட்டாள். சீர்காழிப் பக்கத்திலிருக்கும் அவள் வீட்டிலிருந்து மாதம் ஒரு சிப்பம் அரிசி வரும். கால்நடை மருத்துவம் படிக்க ஒரத்தநாடு வந்து, நாலு பேரும் சேர்ந்து இந்த வீட்டை எடுத்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. நல்ல அரிசி. சோறு வெந்தால் தெருவே மணக்கும்.

இந்த முறை தீபாவளி முடிந்து எங்களுக்கு முன்னாலேயே வந்து வீட்டைப் பெருக்கி வைத்திருந்தாள். அரிசி பற்றிப் பேச்சே இல்லை. நான்தான் கேட்டேன். அவள் அப்பா குத்தகைக்கு எடுத்த வயலில் குறுவை அறுக்கிற நேரம் பார்த்து மழை. "நெல்லு நனைஞ்சிடுச்சுடி" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் கூட்டம். கூட்டியவள் அபி. தஞ்சாவூர் டவுன்காரி, அப்பாவுக்குப் பாத்திரக்கடை.

"எனக்குச் சமைக்கவும் வராது, அடுப்புகிட்ட நிக்கவும் புடிக்காது. பேசாம மெஸ்ல சொல்லிடுவோம். மூணு வேளையும் கேரியர்ல வந்துரும். ஆளுக்கு மாசம் மூவாயிரத்து ஐநூறுதான்."

அந்த 'தான்' எனக்குக் கேட்டது. திலகாவுக்கும் கேட்டிருக்கும்.

நஸ்ரின்: "எனக்கு எதுன்னாலும் சரி. மீன் உண்டா மெஸ்ல?"

திலகா சிரித்த முகமாகவே சொன்னாள். "நீங்க சொல்லிக்கங்க. நான் மன்னார்குடி சித்தி வீட்டுக்குப் போயிடுறேன். அங்கேருந்து பஸ்ஸுல வந்துக்கலாம். சித்தியும் ரொம்ப நாளா கூப்பிடுறாங்க."

சித்தி எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் இடுப்பை விட்டு இறங்காது. போன வருடம் பரீட்சை நேரத்தில் அங்கே போய் இருந்தாள். அந்தப் பரீட்சையில்தான் திலகா முதல் முதலாகப் பெயிலானாள். இது கடைசி வருடத்துக்கு முந்தின வருடம். இன்னொரு தடவை அப்படி ஆனால் ஒரு வருடமே போகும்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முந்தும்.

"ரெண்டு வாரம் என்கிட்ட குடுங்க. மெஸ் காசுல பாதிக்கும் கீழ முடிச்சுக் காட்டுறேன். வயிறும் நெறையும், வாய்க்கும் நல்லா இருக்கும். ஒன்பதாந்தேதி ஞாயித்துக்கிழமை ஓட்டுப் போடுவோம்."

"தோத்துட்டீன்னா?"

"படிப்பு முடியிற வரைக்கும் உன் கேரியர நான் கழுவித் தர்றேன்."

அபிக்குக் கை கொடுத்தாயிற்று. திலகா போகக் கூடாது. அதுதான் விஷயம். மற்றதெல்லாம் பருப்பு, புளி.

அக்டோபர் 27, திங்கள்

தூறல். காலை கல்லூரிக் கிளினிக்கில் ஒரு கன்றுக்குட்டி என் செருப்பை மென்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். கால்நடைத் தீவனப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. ஒரு கறவை மாட்டுக்கு எத்தனை கிலோ எடை, அதற்கு எவ்வளவு புரதம், எவ்வளவு மாவுச்சத்து, அதை எந்தெந்தப் பொருளில் கொடுத்தால் செலவு குறையும் என்று கணக்குப் போடத் தெரியும். நாலு பெண்களுக்குச் சோறு போடவா தெரியாது?

முதல் வேலை, எடை பார்ப்பது. மாலை கிளினிக் காலியானதும் நாய் நிறுக்கும் தராசில் ஒவ்வொருத்தியாக ஏற்றினேன்.

அபி ஏறி நின்று "உர்ர்" என்றாள். நஸ்ரின் தன் எடையைப் பார்த்து, "இது ஈர நாய்க்கான எடை. நான் காஞ்சதும் திரும்ப நிறு" என்றாள். திலகா ஏறினாள். முள் அதிகம் நகரவில்லை.

இரவு பட்டியல் தயார். உடல் எடைக்குத் தகுந்தபடி ஆளுக்கு எத்தனை கப் சோறு, எத்தனை கரண்டி பருப்பு. குறைந்த விலையில் நிறைந்த புரதம் எது என்று பார்த்தால் கொள்ளு. எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் கொள்ளுதான் வந்து நிற்கிறது. பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

சந்தை. நஸ்ரினும் திலகாவும் என்னோடு வந்தார்கள். குடை அபியுடையது என்பதால் அவளும் வந்தாள். வந்தது நல்லதாகப் போயிற்று.

வாங்கியது: கொள்ளு, பூசணிக் கீற்று, வாழைத்தண்டு, சின்ன வெங்காயம் (பொடி), முருங்கைக்கீரை, புளி, மிளகாய். வாங்காதது: தக்காளி (விலை கேட்டதும் திருப்பி வைத்தேன்), முட்டைக்கோஸ், நஸ்ரின் கேட்ட பிஸ்கட்.

மழை கட்டிக்கொண்டு வர, காய்கறிக்காரர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். அபி குடையைச் சாய்த்துக்கொண்டு போய் நின்றாள்.

"அண்ணே, இவ்வளத்தையும் திருப்பித் தூக்கிட்டா போகப் போறீங்க?"

"என்னா பண்றது பாப்பா. மொத்தமா எடுத்துக்க, அறுபது ரூவா குடு."

"நாப்பது. கறிவேப்பில, கொத்தமல்லியோட."

"ஏம்மா, நீ என்ன வியாபாரி வீட்டுப் பொண்ணா?"

"ஆமாண்ணே" என்றாள், கூச்சமே இல்லாமல். நாற்பதுக்கே வந்தது. மூன்று வருடமாக இவளைச் சமையலறையில் நிறுத்தி வைத்து வீணடித்திருக்கிறோம்.

கொள்ளு மளிகைக் கடையில் விலை. தீவனக் கடையில் பாதி. அங்கே போனோம்.

கடைக்காரர்: "எத்தன மாடு நிக்குது பாப்பா?"

நான்: "நாலுண்ணே."

"கறவையா?"

நஸ்ரின் பின்னாலிருந்து: "இல்லண்ணே, எல்லாம் கன்னு போடாத கிடேரி."

வீடு வரும் வரை சிரிப்பு. திலகாகூடச் சிரித்தாள்.

கடைசியாக அரிசிக் கடை. ஐந்து கிலோ வாங்கினோம். திலகா உள்ளே வரவில்லை. செருப்பில் சேறு என்று வாசலிலேயே நின்றாள். எங்கள் எல்லோர் செருப்பிலும் சேறுதான்.

அக்டோபர் 29, புதன்

காலை: கொள்ளுச் சுண்டல். மதியம்: கொள்ளு ரசம், பூசணிக் கூட்டு. இரவு: கொள்ளுத் துவையல், சோறு.

தீவனக் கடைக் கொள்ளில் கல் இருக்கும் என்பது என் கணக்கில் இல்லை. பொறுக்கி முடிக்க ஒரு மணி நேரம்.

மற்றொன்றும் கணக்கில் இல்லை. மழையில் ஜன்னலைத் திறக்க முடியாது. மூன்று வேளை கொள்ளு தின்ற நாலு பேர் ஒரே அறையில் படுக்க வேண்டும். விவரம் எழுதவில்லை.

அபி இருட்டில்: "வைக்கோல் எப்போடி போடுவ?"

நஸ்ரின்: "ஏய், யாரும் கொசுவர்த்தி கொளுத்தாதீங்க, வீடு வெடிச்சிரும்."

தோற்றுவிடுவேன் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் தோற்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

கொள்ளு இன்று ஒரு வேளைதான். நஸ்ரின் தன் பெட்டியிலிருந்து சென்னாக்கூனிப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அதிராம்பட்டினம். பொடிப் பொடியாக உலர்ந்த கூனி இறால், வெங்காயம் போட்டு வதக்கினால் ஒரு கைப்பிடியில் நாலு பேர் சோறு காலி. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். கிண்ணத்தை நீட்டினார்.

அக்டோபர் 31, வெள்ளி

எனக்கு என் மேலேயே கோபம்.

மதியம் கிளினிக்கிலிருந்து சீக்கிரம் வந்தேன். திலகா தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். சோற்றை எவர்சில்வர் கப்பில் அளந்து, மேலே விரலால் வழித்து, மிச்சத்தைக் குண்டானிலேயே திருப்பிப் போட்டாள். கதவில் என் பட்டியல். அதில் அவள் பெயர் கடைசி. எடை குறைவு, அதனால் அளவும் குறைவு. நாங்கள் மூன்று பேர் அந்தப் பட்டியலை முதல் நாளே மறந்துவிட்டோம். பசித்த அளவு தின்றோம். அவள் மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் அளந்து தின்றிருக்கிறாள்.

"என்னடி பண்ற?"

"நீதான எழுதியிருக்க."

"அது மாட்டுக் கணக்குடி!"

"எனக்குப் போதும் கலை. நெசமாவே போதும்."

போதாது. இளைத்த மாட்டுக்குத்தான் தீவனத்தைக் கூட்ட வேண்டும் என்று எங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை. பட்டியலைக் கிழித்தேன். அவள் தட்டில் சோறு போடப் போனேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து கழுவப் போய்விட்டாள். தான் ஒரு பங்கும் போடாமல் தின்பதாக நினைக்கிறாள். அதைச் சொல்லவும் மாட்டாள்.

அழுகை வந்தது. வெங்காயம் அரிந்தேன், பொருத்தமாக இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

என்ன ஒரு நாள்.

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் பின் வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே. பாய், தலையணை, புத்தகம் எல்லாவற்றையும் மேலே ஏற்றினோம். திலகா வாளியோடு பின்பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அபி திலகாவின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தாள். பெட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கு. போர்வை போட்டு மூடி, வாயை இரண்டு சுற்றுக் கட்டியிருந்தது.

"ஏ கலை, இது என்னடி இவ்ளோ கனமா?"

அவிழ்த்தோம். அரிசி.

திலகா வாளியோடு வாசலில் நின்றாள்.

"அது... கோழிக்குடி. கிளினிக் கோழிக்குப் போடலாம்னு எடுத்தாந்தேன்."

கிளினிக்கில் கோழி கிடையாது. இரண்டு முயல் இருக்கிறது.

பிறகு அவளே பேசினாள். நனைந்த குறுவை நெல். பாதி விற்கவே போகவில்லை. கொஞ்சம் முளை கட்டிவிட்டது. அவள் அம்மா உடனே அவித்து, வெயில் கண்ட நேரமெல்லாம் ரோட்டில் காயவைத்து, அரைத்து, அவள் பங்குக்கு ஒரு சிப்பம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அரிசி பழுப்பு. பாதிக்கு மேல் நொய். ஊறல் வாடை வேறு.

"இத உங்க இலைல எப்படிப் போடுறது? எங்க வீட்டு அரிசின்னு சொல்லி, இதையா போடுறது?"

இப்போதுதான் அழுதாள். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை. ஊருக்குச் சோறு போடுகிற வீட்டுப் பெண், சுமாரான அரிசியை வெளியில் எடுத்து வைப்பதைவிட வீட்டைக் காலி செய்துகொண்டு போவதே மேல் என்று முடிவு கட்டியிருக்கிறாள். எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நெல் விளையாத ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

அபிதான் கத்தினாள். "லூசாடி நீ? கட்டிலுக்கு அடியில ஒரு மூட்டை அரிசிய வச்சுக்கிட்டு, அது மேல பட்டினியா படுத்துக் கெடந்திருக்க!"

நான் ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்தேன், கடித்தேன். பூஞ்சை இருந்தால் மாட்டுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. பூஞ்சை இல்லை. அவள் அம்மா நேரத்தோடு அவித்ததால் பிழைத்தது. நிறம் மங்கல், வாடை உண்டு, உடைசல். அவ்வளவுதான்.

"நல்ல அரிசிடி" என்றேன்.

"பொய் சொல்லாத."

"சரி, சுமாரான அரிசி. தின்னக் கூடிய அரிசி. போதுமா?"

அழுதுகொண்டே சிரித்தாள். மதியம் அதில் கொஞ்சம் சோறு வைத்துப் பார்த்தோம். வாடை அடித்தது, சோறு குழைந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமே. நாலு பேரும் தின்றோம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

இரவு நஸ்ரின் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சோத்துக்கான அரிசி இல்ல. நாளைக்கு அடுப்ப என்கிட்ட விடுங்க" என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

நோன்புக் கஞ்சி! நோன்பே இல்லாத மாதத்தில்!

நஸ்ரின் அவள் உம்மாவைப் போனில் வைத்துக்கொண்டே சமைத்தாள். நொய்யை மட்டும் சலித்து, வறுத்து எடுத்தாள். இஞ்சி, பூண்டு, பட்டை, வெந்தயம், பாசிப்பருப்பு, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால். கறி போட வேண்டுமாம், கறிக்குக் காசு இல்லை என்றதும், "காரட் பொடியா வெட்டிப் போடு, கண்ணுக்குக் கறி மாதிரி இருக்கும்" என்று போனிலிருந்து உத்தரவு. உம்மா சிரிக்கிற சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது.

"வாடை போயிடுச்சா, பாரு" என்றாள் நஸ்ரின்.

வாடையா? எங்கே இருந்தது? நொய் நன்றாகக் குழைய வேண்டிய பண்டத்தில் நொய் குழைந்தால் அது குற்றமா? முழு அரிசியாக இருந்திருந்தால் உடைக்க வேண்டியிருக்கும். அபி மூன்று கிண்ணம். நான் எத்தனை என்று எழுத மாட்டேன். பூசணிப்பூ பஜ்ஜி தொட்டுக்கொள்ள (பூ, வீட்டுக்காரம்மா கொல்லை).

திலகா ஒரு கிண்ணம் குடித்தாள். நஸ்ரின் கேட்காமலே இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

ஒரே நாளில் எல்லாருக்கும் அரிசிப் பைத்தியம். ஆளாளுக்கு யோசனை.

நொய்: உப்புமா (தேங்காய், மிளகு), கஞ்சி, பால் கஞ்சி.
முழுசாக இருப்பது: ஊறப்போட்டு அரைத்துத் தோசை. வறுத்துப் பொடித்துப் புட்டு.
தவறானது: முறுக்கு. நான் முயன்றேன். எண்ணெய்ச் செலவு, முறுக்கு எண்ணெயில் கரைந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாடையில் தெரிந்துவிட்டது.

சந்தை வேலை இனி அபிக்கு. சமையல் அவளுக்குக் கிடையாது. அடுப்பு பக்கம் போகவே வேண்டாம் என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போன வருடம் அவள் பொங்கல் அடிப்பிடித்ததை நாங்கள் மூன்று மாதம் கிண்டல் செய்தோம். மெஸ் மெஸ் என்று அவள் துடித்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். கேட்கவில்லை. கேட்டால் அடிப்பாள்.

கொள்ளு இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது. யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை.

நவம்பர் 5, புதன்

ஐப்பசிப் பௌர்ணமி. சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். லிங்கம் முழுக்கச் சோற்றால் மூடி, காய்கறி, அப்பளம் எல்லாம் வைத்து அலங்காரம். அபியும் திலகாவும் வீட்டுக்காரம்மாவோடு போனார்கள். திரும்பி வரும்போது ஒரு தூக்கு நிறையத் தயிர்சாதம்.

"சாமி மேல வச்ச சோத்துல பாதி நொய்தான்டி" என்றாள் திலகா. வந்ததும் முதல் பேச்சு அதுதான். "நான் கிட்டக்க போய்ப் பாத்தேன்." அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

இரவுச் சமையல் செலவு இல்லை. சிவன் உபயம். ஊறுகாய் நஸ்ரின் உபயம்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில்! துணி காய்ந்தது. அரிசிச் சாக்கையும் மொட்டைமாடியில் கொட்டிக் காயவைத்தோம். வாடை பாதி போய்விட்டது. காக்கா விரட்ட முறை போட்டோம். நஸ்ரின் விரட்டுவதாகச் சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

கணக்கு பார்த்தேன். மெஸ் காசில் பாதிக்கும் நன்றாகக் கீழே இருக்கிறோம். கணக்கில் ஜெயித்துவிட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று: அபி வாசலில் நின்று போனில், "ஞாயித்துக்கிழமை உறுதியா சொல்லிடுறேன்ணே. நாலு சாப்பாடா, மூணு சாப்பாடான்னு அப்ப சொல்றேன்." மெஸ்காரர்தான். நாலோ மூணோ, பூஜ்யம் என்று ஒரு எண் இருப்பது இவளுக்குத் தெரியாதா?

இரண்டு: திலகா தன் புத்தகங்களைக் கட்டி வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, "சித்தப்பா ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன்னு சொல்லிட்டார்டி. முடிவு தெரியாம அவர எப்படி வராதீங்கன்றது?" என்றாள். "ஒரு சாக்கு அரிசி எத்தன நாளைக்கு வரும் கலை? அடுத்தது தை மாசம் சம்பா அறுத்தாத்தான்."

"நாங்க கேட்டமாடி உன்கிட்ட?"

"நீங்க கேக்க மாட்டீங்க. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

புத்தகக் கட்டின் முடிச்சில் கை வைத்தேன், தட்டிவிட்டாள்.

நவம்பர் 8, சனி

தலைக்குக் குளித்தேன். பாடம் படிக்கவில்லை. அபியிடம் ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். "ரகசிய ஓட்டு" என்றாள். நாலு பேர் வீட்டில் என்ன ரகசிய ஓட்டு.

நஸ்ரின் என் பக்கம். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை.

காலையிலேயே அபி சந்தைக்குப் போய் ஒரு பை நிறைய வயல் நண்டு வாங்கி வந்தாள். வரப்பில் பிடித்து ஓலைப் பெட்டியில் கொண்டுவந்து விற்கிற அம்மாவிடம், பெட்டி காலியாகிற நேரத்தில், பாதி விலைக்கு. நண்டு திலகா கைக்குத்தான் கட்டுப்படும். ஓட்டை உடைத்து, காலை இடித்துச் சாறு எடுத்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்தாள். அவள் வீட்டு அரிசியில் சோறு. வெயில் கண்ட பிறகு அரிசி நன்றாகவே இருக்கிறது. கொஞ்சம் குழையும். நண்டுச் சாற்றுக்கு அதுதான் சரி.

சாப்பிட்டுவிட்டு ஓட்டு என்று முடிவு. இலை போடும்போதே வாசலில் வண்டிச் சத்தம். திலகாவின் சித்தப்பா, குட்டி யானை லோடு வண்டியோடு.

"அம்மாடி திலகா, சாமான எடுத்து வையி. மழைக்கு முன்னாடி கெளம்பிடுவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அபி முன்னால் போனாள்.

"வாங்க சித்தப்பா. மொதல்ல கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

உட்கார்ந்தார். நண்டுச் சாற்றை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு வாங்கினார். மூன்றாவது தடவை வாங்கும்போது கேட்டார். "சோறு நல்லாருக்கே. எந்தக் கடையில அரிசி வாங்குறீங்க?"

நான் திலகாவைப் பார்த்தேன். நஸ்ரின் நண்டுக் காலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

"கடை இல்ல சித்தப்பா. நம்ம வயலு. நனைஞ்ச நெல்லு" என்றாள் திலகா. தலையைக் குனியவில்லை. கரண்டியோடு நின்று, நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த நெல்லா இது?" என்றார் அவர். இன்னொரு கவளம் எடுத்து வாயில் போட்டார். "அண்ணிகிட்ட சொல்லணும்" என்றார்.

கை கழுவி வந்து துண்டில் துடைத்துக்கொண்டார். "அப்ப கெளம்பலாமா?"

ஓட்டே போடவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அபி போனை எடுத்து, எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, மெஸ் வேண்டாம்ணே. ஒருத்தருக்கும் வேண்டாம்." வைத்துவிட்டாள். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினாள்.

"அவ வரல சித்தப்பா. அவள விட்டா நண்டு ஒடைக்க எங்களுக்கு ஆள் கெடையாது. இவ கொள்ளுப் போட்டே எங்களக் கொன்னுடுவா."

இவ என்றது என்னை. பரவாயில்லை.

எல்லாரும் திலகாவைப் பார்த்தோம். அவள் இலைகளை எடுத்தாள். தரையைத் துடைத்தாள். கட்டி வைத்த புத்தக மூட்டை பக்கம் போனாள், நின்றாள். அங்கிருந்து சமையலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. இத்தனை வருடத்தில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"ஏய் அபி! இந்த நண்டுச் சட்டிய யாரு கழுவுறது? போன வாரம் பூரா உன் மொற நான்தான் கழுவுனேன். போனையே நோண்டிக்கிட்டு நிக்காத. உள்ள வா!"

அபி போய்க் கழுவினாள்.